வேம்பும் தூபாவும்: பயிர்ச் சிற்றுண்ணிகளைத் தாவரச் சாற்றால் அடக்குதல்

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை நாம் 'மருந்து' என்றே சொல்லி வருகிறோம். தோட்டப்புறத்தில் 'மருந்தடிக்கும் வேலை' என்றால் அதற்கு விளக்கம் தேவையில்லை. மலாக்கா மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் வந்த செம்பனைத் தோட்டங்களிலும் முதுகில் தெளிப்பானைச் சுமந்து அவ்வேலையைச் செய்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர். மலேசியத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றித் தெனாகனித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிகளை எதிர்க்கும் ஆசிய பசிபிக் அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து 2002ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு அவ்வாண்டில் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அத்தடை தளர்ந்தது. 2020இல்தான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. 'மருந்து' என்னும் இனிய சொல், உள்ளிருந்த நஞ்சை நீண்ட காலம் நம் கண்ணுக்கு மறைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று அதற்கு நேர்மாறான மற்றொரு சொல் நம்மிடையே செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அது 'இயற்கை' என்னும் சொல். செடியிலிருந்து எடுத்தது எதுவாயினும் தீங்கற்றது என்றும், முன்னோர் கைக்கொண்டது எதுவாயினும் பயன் தருவது என்றும் எண்ணிவிடுகிறோம். தாவரச் சாறுகளால் பயிர்ச் சிற்றுண்ணிகளை அடக்க முடியும் என்பது உண்மை. ஆயினும் எந்தச் சாறு, எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தெரிந்தால்தான் அவ்வுண்மை நமக்குப் பயன்படும். இக்கட்டுரை அவ்விடைகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறது.

சிற்றுண்ணியை அறிதல்

சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு. வளர்ந்த சிற்றுண்ணிக்குப் பெரும்பாலும் எட்டு. அது சிலந்திக்கு உறவு. உழவர்கள் அதனைச் 'செம்பேன்' என்றும் 'சிலந்திப் பேன்' என்றும் அழைப்பதில் அந்த உறவும் அதன் சிறுமையும் ஒருங்கே விளங்குகின்றன. இலையின் அடிப்புறத்தில் கூட்டமாகத் தங்கி, உயிரணுக்களைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுவது அதன் தொழில். கத்தரி இலையில் ஊசி குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகளும், முற்றிய நிலையில் மெல்லிய நூலாம்படையும் தென்பட்டால் சிலந்திப் பேன் வந்துவிட்டது என அறியலாம். மிளகாயைத் தாக்கும் வகை இன்னும் சிறியது, வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. அது தாக்கிய தளிர் கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த படகு போல் தோன்றும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. இவ்வேறுபாட்டை அறியாமல் தெளிப்பது நோயறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும்.

வெப்பமும் வறட்சியும் மிகுந்த நாள்களில் சிலந்திப் பேனின் முட்டை, ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் முட்டையிடும் தாயாகிவிடுகிறது. ஆதலால் மலாக்காவில் ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும் வாரங்களில் இதன் தொல்லை மிகும். பெருமழை பெய்தால் குறையும். தலைமுறைகள் இவ்வளவு விரைவாகத் தோன்றுவதால் நஞ்சைத் தாங்கும் ஆற்றலும் விரைவாகத் தோன்றுகிறது. இருபுள்ளிச் சிலந்திப் பேன், உலகெங்கும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நஞ்சுப் பொருள்களுக்கு எதிர்ப்புப் பெற்றிருப்பதாகப் பதிவாகியுள்ளது.

மற்றொரு காரணமும் உண்டு. சிற்றுண்ணிகளைத் தின்று வாழும் வேறு சிற்றுண்ணிகளும் பொறிவண்டுகளும் இலைகளில் உலவுகின்றன. வலிய பூச்சிக்கொல்லி முதலில் கொல்வது இந்தக் காவலர்களைத்தான். இரண்டாம் உலகப் போருக்குப்பின் டிடிடி பரவலாகத் தெளிக்கப்பட்ட பழத்தோட்டங்களில் சிற்றுண்ணித் தொல்லை முன்னிலும் பெருகியது இதனால்தான். மருந்து அடிக்க அடிக்கப் பேன் பெருகுகிறது என்று உழவர் வியப்பதும் இதனையே குறிக்கிறது.

தென்னந்தோப்பு தந்த பாடம்

தாவரச் சாறு பெரிய அளவில் சோதனைக்கு உள்ளான ஒரு நிகழ்வு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடந்தது. மெக்சிகோ நாட்டின் குவெரேரோ பகுதியிலிருந்து கிடைத்த தென்னைச் சிற்றுண்ணியைக் கெய்ஃபர் என்னும் அறிஞர் 1965இல் முதன்முதலாக விவரித்தார். அது 1997இல் இலங்கையின் கற்பிட்டியிலும், 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் காணப்பட்டது. பின்னர் விரைவில் தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் பரவியது. குரும்பைகள் உதிர்ந்தன, தப்பிய காய்களின் மட்டை பழுப்பேறி வெடித்தது, காய்கள் சிறுத்தன. தேங்காயை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது பேரிடியாக அமைந்தது.

இச்சிற்றுண்ணி புழுவைப் போன்ற உடலும் நான்கே கால்களும் உடையது. நீளம் கால் மில்லிமீட்டர் அளவே. காயின் தலைப்பகுதியை மூடியிருக்கும் செதில்களுக்கு அடியில் மறைந்து வாழ்வது. மேலே தெளிப்பது அங்கே எளிதில் எட்டாது. வேர்வழியாகச் செலுத்தும் வலிய இரசாயனங்கள் தொடக்கத்தில் பரிந்துரைக்கப்பட்டன. ஆனால் இளநீராகவும் தேங்காயாகவும் மக்கள் உண்ணும் பொருளில் அந்நஞ்சு தங்குமோ என்னும் அச்சம் எழுந்தது.

இந்நிலையில்தான் வேம்பு முன்வந்தது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வேப்பெண்ணெய், பூண்டு, சோப்பு ஆகியவை சேர்ந்த இரண்டு விழுக்காட்டுக் கரைசலைப் பரிந்துரைத்தது. பத்து லிட்டர் கரைசலுக்கு வேப்பெண்ணெய் 200 மில்லிலிட்டர், பூண்டு 200 கிராம், சாதாரணச் சலவைச் சோப்பு 50 கிராம் என்பது கணக்கு. சோப்பை வெந்நீரில் கரைத்து எண்ணெயுடன் கலக்க வேண்டும். அரைத்துப் பிழிந்து வடிகட்டிய பூண்டுச் சாற்றைச் சேர்த்துத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். மரத்திற்கு ஆண்டுதோறும் ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் அப்பரிந்துரையில் அடங்கும்.

இம்முறை பயன் தந்தது. ஆனால் எளிதாகத் தரவில்லை. இளங்குலைகளில் கரைசல் படவேண்டும்; முற்றிய காயில் தெளிப்பது வீண். ஆண்டுக்கு ஒருமுறை தெளித்தால் போதாது. மும்முறையேனும் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உயர்ந்த மரத்தில் ஏறுவதற்கு ஆள் வேண்டும். வேம்பின் ஆற்றல் எவ்வளவாயினும் ஏறுவாரின்றி அது குலையை அடையாது. சாறு நல்லதா என்பதோடு, அது உயிர் வாழும் இடத்தைச் சென்றடைகிறதா என்பதும் வினாவே என்று தென்னந்தோப்பு நமக்குக் கற்பித்தது.

வேம்பு வேலை செய்யும் வகை

1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிர்பச்சை அனைத்தையும் தின்று தீர்த்தபோது, வேப்பமரங்கள் மட்டும் பசுமை மாறாமல் நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கண்டார். வேம்பின் முதன்மைப் பொருளான அசாடிராக்டின் 1968இல் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை ஆய்வுக்கூடத்தில் முழுமையாக உருவாக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2007இல்தான் அது கைகூடியது. வேப்பங்கொட்டை எளிதாகச் செய்வதை மனிதர் செய்ய அவ்வளவு காலம் ஆயிற்று.

அசாடிராக்டின் உடனே கொல்வதில்லை. உண்ணும் விருப்பைக் குறைக்கிறது. தோலுரித்து வளர்வதைக் குலைக்கிறது. முட்டையிடும் ஆற்றலைத் தளர்த்துகிறது. வேப்பெண்ணெயோ சிற்றுண்ணியின் மேலும் முட்டையின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்து மூச்சை அடைக்கிறது. எண்ணெயும் நீரும் கலவா. அவற்றைக் கலக்க வைப்பது சோப்பின் பணி. ஆகவே தெளித்த மறுநாளே பேன் மடியவில்லை என்று கைவிடுவது தவறு. முட்டைகள் சில தப்பும்; ஆதலால் ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டும்.

அசாடிராக்டின் வெயிலில் சில நாள்களிலேயே சிதைந்துவிடும். உணவில் நஞ்சு தங்காது என்பது இதன் நன்மை. நெடுநாள் காவல் கிடைக்காது என்பது இதன் குறை. மாலையில் தெளிப்பதே தக்கது. நண்பகலில் தெளித்தால் எண்ணெய் இலையைக் கருக்கும். பெருமழை சாற்றைக் கழுவிவிடும். இலையின் மேற்புறத்தை மட்டும் நனைத்தால் அடிப்புறத்திலுள்ள பேனுக்கு ஒன்றும் நேராது.

எண்ணெய் கிடைக்காதவிடத்து வேப்பங்கொட்டைப் பருப்பின் சாறு உதவும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே பயன்படுத்த வேண்டும். வேப்பிலையிலும் ஆற்றல் உண்டெனினும் கொட்டையில் உள்ள அளவு இல்லை.

தூபா வேர் தரும் எச்சரிக்கை

'இயற்கை' என்னும் சொல்லை நம்பும் முன், இம்மண்ணின் ஒரு கொடியை நினைக்க வேண்டும். அது தூபா. அதன் வேரை நசுக்கி நீரில் கலக்கினால் மீன்கள் மயங்கி மிதக்கும். பாலுக்குக் கைம்மாறாகத் தூபா நீரைக் கொடுத்தான் என்று நன்றி கொன்றவனைக் குறிக்கும் மலாய்ப் பழமொழியும் உண்டு. ஆயர் குரோ என்னும் ஊர்ப்பெயர் மலாய் மொழியில் கலங்கிய நீரைக் குறிக்கும். தூபா கலந்த நீரின் கலக்கமோ உயிரைப் பறிப்பது. மலாயாவின் காய்கறித் தோட்டக்காரர்கள் இவ்வேரின் சாற்றைப் பூச்சிகளுக்குத் தெளித்தனர்; போருக்கு முன்னர் அது ஏற்றுமதிப் பொருளாகவும் விளங்கியது. அதிலுள்ள பொருளுக்கு ஜப்பானிய வேதியியலர் நாகாய் நாகயோஷி 1902இல் ரோட்டினோன் எனப் பெயரிட்டார்.

ரோட்டினோன் முற்றிலும் தாவரப் பொருள். சிற்றுண்ணியையும் கொல்லும். ஆனால் உயிரணுக்கள் ஆற்றலை உண்டாக்கும் இயக்கத்தையே அது தடுக்கிறது. அவ்வியக்கம் மீனுக்கும் மனிதருக்கும் பொது. எலிகளுக்கு அதனைத் தொடர்ந்து செலுத்தியபோது நடுக்குவாதம் போன்ற அறிகுறிகள் தோன்றியதாக 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புகையிலைச் சாறும் இத்தகையதே: நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுள் புகும். புகையிலையிலுள்ள நச்சுயிரி மிளகாய்ச் செடிக்கும் தொற்றக்கூடும். ஆதலால் தூபாவையும் புகையிலையையும் பள்ளித் தோட்டத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ பயன்படுத்துதல் கூடாது. வேப்பெண்ணெயைக் கையாளும்போதும் கையுறை அணிவதும், எஞ்சிய கரைசலைக் குளத்திலும் ஓடையிலும் கொட்டாதிருப்பதும் வேண்டும்.

பள்ளித் தோட்டத்தில் ஓர் ஆய்வு

கேட்டதை நம்புவதைவிடச் செய்து பார்ப்பது நன்று. மிளகாய் அல்லது கத்தரிச் செடிகளை மூன்று வரிசையாகப் பிரிக்கலாம். முதல் வரிசைக்கு வெறும் தண்ணீர். இரண்டாம் வரிசைக்குச் சோப்புக் கரைசல். மூன்றாம் வரிசைக்குச் சோப்புடன் வேப்பெண்ணெய். தெளிக்கும் முன்பும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் ஒவ்வொரு வரிசையிலும் குறித்த சில இலைகளின் அடிப்புறத்தைப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் நோக்கிச் சிற்றுண்ணிகளை எண்ணி எழுத வேண்டும். முதலில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் தெளித்து, ஒரு நாள் பொறுத்து, இலை கருகவில்லை என்று உறுதி செய்துகொள்வது நலம்.

தண்ணீர் வரிசை எதற்கு என்று மாணவர் வினவுவர். அவ்வினாவே இந்த ஆய்வின் உயிர். மழையால் எல்லா வரிசையிலும் பேன் குறைந்திருந்தால் அப்புகழ் வேம்புக்கு உரியதன்று. சோப்பு வரிசையிலும் அதே அளவு குறைந்திருந்தால் வேப்பெண்ணெய்க்குச் செலவிட்ட பணம் வீண். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசை இல்லாதவரை 'இயற்கை முறை வென்றது' என்று நாம் சொல்வது விருப்பமே அன்றி அறிவாகாது.

இவ்வாறு கண்டவற்றைத் தமிழில் எழுதி வைப்பது நம் கடமை. வேப்பெண்ணெயால் பூஞ்சைகளைத் தடுக்கும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண்துறையும் 1994இல் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை, அது புதிய கண்டுபிடிப்பன்று என்னும் சான்றுகளால் 2000இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளப்பட்டது. பழக்கத்தில் இருந்தது என்று நினைவில் வைத்திருப்பது வேறு. இன்ன அளவில் இன்னவாறு செய்தோம் என்று காட்டுவது வேறு. செடியின் பெயர், எடுத்த பகுதி, எடை, நீரின் அளவு, தெளித்த நாள், அன்றைய மழை வெயில், எண்ணிய தொகை ஆகிய ஏழும் ஒரு மாணவரின் குறிப்பேட்டில் இருக்குமானால், அடுத்த ஆண்டு மாணவர் அங்கிருந்தே தொடரலாம். தெளிப்பானைச் சுமந்த தாய்மார்களை இங்கே நினைக்க வேண்டும். அவர்களின் பேரப்பிள்ளைகள் தம் கையால் கலக்கும் கரைசலுக்கேனும் அதன் பொருளும் அளவும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.