கணினிக்குள் புகும் ‘ட்ரோஜன்’: அழிக்கும் முன் ஆதாரத்தைக் காப்பது அவசியம்

புதுதில்லி: பீமா கோரேகான் வழக்கு தொடர்பாக 2018 ஏப்ரல் 17-ஆம் தேதி ரோனா வில்சனின் தில்லி வீட்டைச் சோதனையிட்ட புணே போலீஸார், அவரது மடிக்கணினியைக் கைப்பற்றினர். அதில் இருந்ததாகக் கூறப்பட்ட கடிதங்களே வழக்கின் முக்கிய ஆதாரங்களாயின. பிரதமரைக் கொல்லச் சதி நடந்தது என்ற புகாரும் அவற்றிலிருந்தே எழுந்தது.

குற்றம்சாட்டப்பட்டோர் தரப்பு கேட்டுக்கொண்டதன்பேரில், அந்தக் கணினியின் வன்தட்டுப் பிரதியை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடய ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து 2016 ஜூன் 13-இல் வந்த ஓர் இணைப்பைத் திறந்தபோது ‘நெட்வயர்’ என்ற மென்பொருள் உள்ளே புகுந்தது; 22 மாதங்கள் கணினி பிறர் கையில் இருந்தது; மறைக்கப்பட்ட ஒரு கோப்புறையில் கடிதங்கள் வைக்கப்பட்டன; உரிமையாளர் அவற்றைத் திறந்ததற்குத் தடயமே இல்லை என்றது அறிக்கை. அக்கணினியில் இல்லாத, அதைவிடப் புதிய வேர்டு பதிப்பில் சில கடிதங்கள் தயாரிக்கப்பட்டிருந்தன என்பது இவற்றுள் மிகவும் உறுத்தலான செய்தி. ஊடுருவியவர் யார் என்று ஆர்சனல் கூறவில்லை.

இவ்வகை மென்பொருளைத் ‘தொலை அணுகல் ட்ரோஜன்’ என்கின்றனர். தட்டச்சு செய்வதை எல்லாம் அது பதிவு செய்யும், கோப்புகளை எடுக்கும், வைக்கவும் செய்யும். பறிகொடுப்பதைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். வைத்துவிட்டுப் போவது அதைவிட ஆபத்தானது.

வீட்டுக் கணினியில் இதைக் கண்டறிவது எளிதன்று. கேமரா விளக்கு தானே எரிவது, எதுவும் செய்யாதபோதும் இணையப் போக்குவரத்து நடப்பது, வைரஸ் தடுப்பு மென்பொருள் தானாக அணைந்திருப்பது ஆகியவை சந்தேகத்துக்குரியவை. டாஸ்க் மேனேஜரில், கணினி தொடங்கும்போதே இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்க்கலாம். அறிமுகமற்ற பெயர் இருந்தால் விசாரிக்க வேண்டும். ஆனால், அறிமுகமான பெயரிலும் ட்ரோஜன் ஒளிந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன்பே சோதிக்கும் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன்’ வசதி உண்டு. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகளை அளிக்கிறது. எனினும், வன்தட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே உறுதியான வழி. கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்ற வேண்டும்.

அந்த அழிப்புதான் இன்னொரு சிக்கல். ட்ரோஜனோடு, அது வந்துபோன தடயமும் அழிந்துவிடும். வழக்கறிஞர், செய்தியாளர், தொழிற்சங்கத்தார் போன்றோர், அழிப்பதற்கு முன் வன்தட்டின் முழுப் பிரதியைத் தடய ஆய்வு அறிந்தவரைக் கொண்டு எடுத்து வைப்பது நல்லது.

தடயத்தை அழிப்பதில் ஊடுருவியவருக்கும் அக்கறை உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கணினி 2019 ஜூன் 12-இல் கைப்பற்றப்பட்டது. அதற்கு முந்தைய இரவே, ஊடுருவியவர் தம் தடயங்களை அழிக்க முற்பட்டதாக 2022 டிசம்பரில் வெளியான ஆர்சனல் அறிக்கை கூறுகிறது. சோதனை வரப்போவது அவருக்கு எப்படித் தெரிந்தது? பாதிரியார் 2021 ஜூலை 5-இல், 84-ஆம் வயதில், விசாரணைக் கைதியாகவே காலமானார்.

2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், மின்னணு ஆதாரத்துடன் ‘ஹேஷ்’ எண் அடங்கிய சான்றிதழைக் கோருகிறது. அந்த எண் கணக்கிடப்பட்ட பிறகு கோப்பு மாறவில்லை என்பதை அது காட்டும். அதற்கு முன் கோப்பை வைத்தவர் யார் என்பதைக் காட்டாது.

ஆவணங்கள் புகுத்தப்பட்டன என்பதைத் தேசியப் புலனாய்வு முகமை மறுக்கிறது; ஆர்சனல் அறிக்கை குற்றப்பத்திரிகையின் பகுதி அல்ல என்று உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. ஆறரை ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ரோனா வில்சனுக்கு மும்பை உயர் நீதிமன்றம் பிணை வழங்கியபோது, வழக்கில் குற்றச்சாட்டுகள்கூடப் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை.