மூச்சை விட்டுட்டு நிறுத்துங்க!

(மூச்சுக்குள்ளே – தொடர் – 9)

ஆயுள் முழுக்க ஊதாங்குழலால் அடுப்பூதிய பெண்ணிடம் இன்னொரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்கிறோம். சென்ற வாரம் பார்த்த ஸ்பைரோமெட்ரி அதுதான். ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. ஆனால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு மூச்சுக்குழல்களில் ஏராளமானவை கெட்ட பிறகுதான் அந்த எண் இறங்கும்.

சி.டி. அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கக்கூடும். அதன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரால் வழங்கும் அந்த அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000. மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படத்தில் மைனஸ் 950க்கும் கீழே உள்ள இடங்கள், காற்றறைகள் சிதைந்துபோன இடங்கள்: எம்ஃபிசிமா. மூச்சை விட்டபின் எடுத்த படத்தில் மைனஸ் 856க்குக் கீழே இருந்தால், வெளியேற வேண்டிய காற்று உள்ளேயே சிக்கியிருக்கிறது. 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அறை சிதைந்த இடம் எது, சிறுகுழல் மட்டும் கெட்ட இடம் எது என்று பிரித்தே காட்டிவிட்டார்கள்.

கல்வராயன் மலைக்கு இதில் என்ன இருக்கிறது? விறகுப் புகை. சிகரெட் பிடித்த பெண்களையும் விறகடுப்பில் சமைத்த பெண்களையும் சி.டி.யில் ஒப்பிட்ட மெக்சிகோ ஆய்வு 2014இல் வெளியானது. முதல் வகையினரிடம் எம்ஃபிசிமா அதிகம். அடுப்படிப் பெண்களிடம் சிக்கிய காற்று அதிகம். வழக்கமாக நாம் எடுப்பதோ இழுத்துப் பிடித்த படம் ஒன்றைத்தான். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கிவந்து படம் எடுத்துக்கொண்ட அம்மாவிடம், “பெருசா ஒண்ணுமில்லம்மா, வயசாச்சு இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட முடியும். அவருக்கு மேடு ஏறினால் இளைக்கும், அவ்வளவுதான். மலையில் மேடில்லாத வழி ஏது?

திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்த ஆய்வு 2011இல் வந்தது. 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி.; தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருப்பவர்களிடம் 3 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அது ஊதவைத்துக் கண்ட கணக்கு. ஊதும் கருவிக்கு எட்டாதவர்கள் அதில் சேரவில்லை.

அதற்காக மலையிலுள்ள எல்லோரையும் சி.டி.க்குள் படுக்கவைக்க வேண்டும் என்றால் ஒப்பமாட்டேன். குறைந்த கதிர்வீச்சில் எடுத்தாலும் ஒரு நெஞ்சு சி.டி. சுமார் 1.5 மில்லிசீவர்ட், இயற்கையாகவே ஓராண்டில் நம்மேல் படுவது 2.4. அறிகுறியே இல்லாதவர்களுக்கு சி.ஓ.பி.டி. பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இலும் சொன்னது. மலையடிவாரத்தில் முதலில் வேண்டியது ஒரு கேள்வி: “எத்தனை வருஷமா விறகடுப்பு?” அடுத்து ஊதுகுழாய். ஊதியது சரியாக இருந்தும் இளைப்பு போகவில்லையா? அவருக்கு மட்டும் சி.டி., இரண்டு படமாக.

இரண்டாவது படத்துக்குச் சில நொடி போதும். ஆனால் மூச்சை முழுக்க விட்டு அப்படியே நிறுத்துவது எளிதல்ல. இளைப்புக்காரருக்கு இன்னும் கடினம். மேசையில் படுக்கவைக்குமுன் டெக்னீஷியன் நாலு தடவை பழக்கிவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: காசநோய் ஆறியும் நிற்காத இளைப்பு)