பொட்டலத்துக்குள் உயிர் இருக்கிறதா?

ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மொச்சை, தட்டாம்பயறு, உளுந்து போட்டவர்களுக்கு இது பழகிய வேதனை. நேற்று வரை பச்சையாக நின்ற செடி துவண்டு காய்கிறது. லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடுகிறது. அடித்தண்டின் பட்டை நார்நாராக உரிந்திருக்கும். உள்ளே கரித்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். இதுதான் வேரழுகல். மேக்ரோபோமினா என்ற பூசணத்தின் வேலை. அந்தப் புள்ளிகள் அறுவடைக்குப் பிறகும் மண்ணில் உயிரோடு கிடந்து, ஈரம் குறைந்து நிலம் சூடேறும்போது மறுபடி கிளம்பும்.

செடி காய்ந்தபின் எந்த மருந்தை ஊற்றியும் மீட்க முடியாது. விதைக்கும்போதே காவல் வைக்க வேண்டும். டிரைக்கோடெர்மா அப்படியொரு காவல் பூசணம். நோய்ப் பூசணத்தின் இழையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைத்து உண்டுவிடும். கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மண்ணில் இட ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலக்கலாம். அடியுரமாக 60 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் 10 கிலோ ஜிங்க் சல்பேட்டும் போட்டால் வேர் திடமாகும். கார்பென்டசிம் கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவையும் சேர்க்காதீர்கள். அந்த மருந்து இதையும் கொன்றுவிடும்.

வேரோடு ஒட்டி வாழும் வேம் பூசணம் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் தூரத்திலிருந்து இழுத்துத் தரும். டிஏபியை அள்ளிக் கொட்டிய மண்ணில் அது வேரில் ஏறுவது குறையும். மண் பரிசோதனை செய்யாமல் மணிச்சத்தைக் கூட்டுவது காசுக்கும் நட்டம், செடிக்கும் நட்டம்.

இவ்வளவும் பலிக்க, வாங்கும் பொட்டலத்தில் பூசணம் உயிரோடு இருக்க வேண்டும். வெயில் படும் அலமாரியில் கிடந்தது வெறும் பொடிதான். அதை விலை கொடுத்து வாங்கி ஏமாறத் தேவையில்லை. உற்பத்தி தேதி, காலாவதி தேதி, தொகுதி எண் மூன்றையும் பாருங்கள். டிரைக்கோடெர்மா 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வருவதால் அதில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உயிர் உரங்களான ரைசோபியமும் வேமும் 1985ஆம் ஆண்டு உரக்கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வருபவை. கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காக ரசீது கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிறகு வழக்கென்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரம் கெட்ட பொருளால் பயிர் போனால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. காலிப் பொட்டலத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வேளாண் அலுவலர் வந்து பார்த்து எழுதித் தரும்வரை காட்டை உழுதுவிடாதீர்கள்.

பயிர் குறித்த சந்தேகங்களுக்கு கிசான் கால் சென்டர் 1800-180-1551. நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம்.