கரை மோதிய கலத்தின் மறைபுண்

சந்தையிலே மட்பாண்டம் வாங்கும் நம் பெண்கள் அதன் வடிவை மாத்திரம் கண்டு காசு கொடுப்பதில்லை. விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென ஒலித்தால் அது நல்ல பாண்டம். ஒலி மழுங்கினால் எங்கோ ஒரு கீறல் மறைந்திருக்கின்றது என்பது பொருள். தமிழிலே அடுக்களைப் பாண்டத்துக்கும் கடல் கடக்கும் தோணிக்கும் 'கலம்' என்னும் ஒரே பெயர் வழங்குகின்றது. ஒன்று நீரை உள்ளே அடக்கிக் காப்பது. மற்றையது நீரை வெளியே நிறுத்திக் காப்பது. பாண்டத்துக்குச் செய்யும் சோதனையை உயிர்களைச் சுமக்கும் கலத்துக்கு நாம் செய்கின்றோமா என்பதே ஈண்டு யான் எழுப்ப விரும்பும் வினா.

தீவகத்து மக்களுக்குப் படகு நாளாந்த வாழ்வின் ஓர் உறுப்பு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர், மாணவராயினும் நோயாளராயினும் தலயாத்திரிகராயினும், படகை நம்பியே கடலைக் கடக்கின்றனர். சோளகம் வலுத்து வீசும் நாளிலே படகு துறையை அணையும்போது, அலை அதனைத் தூக்கி இறங்குதுறையின் கல்லிலே மோதிவிடுவதுண்டு. பயணிகள் ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்வர். பின்னர் சிரித்துக்கொண்டே இறங்கிச் செல்வர். படகோட்டி விளிம்பால் எட்டிப் பார்ப்பார். வர்ணம் சிறிது உரிந்திருக்கும். "ஒண்டுமில்லை" என்பார். அடுத்த பயணத்துக்கு ஆட்கள் ஏறத் தொடங்குவர். அந்த "ஒண்டுமில்லை" என்னும் சொல் எத்துணை ஆராய்ச்சியின் பின் சொல்லப்படவேண்டியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மோதலின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து தொன் நிறையுள்ள படகொன்று செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில், அஃதாவது மனிதன் மெல்ல நடக்கும் வேகத்தில், துறையை இடிக்கின்றது எனக் கொள்க. அவ்விடியின் ஆற்றல், 50 கிலோ அரிசி மூடை ஒன்று 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறத்தாழ ஒப்பானது. வேகம் இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். துறையிலே கட்டித் தொங்கவிடும் பழைய ரயர்கள் அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். எஞ்சியதைக் கலத்தின் உடலே ஏற்றாகவேண்டும்.

ஏற்ற அடி பட்ட இடத்திலேயே நின்றுவிடுவதுமில்லை. வெளிப்பலகையிலிருந்து அதனைத் தாங்கும் வங்குகளுக்கும், வங்குகளிலிருந்து குறுக்கு மரங்களுக்கும், அவற்றின் வழியே எதிர்ப்புறத்துக்கும் அது பரவுகின்றது. மரம் வளைந்து மீளும் இயல்புடையது. ஆகவே பலகை பழைய வடிவை அடைந்துவிடும். ஆனால் அதைப் பிணைத்திருந்த ஆணியோ நெகிழ்ந்த நெகிழ்விலேயே நிற்கும். வலப்பக்கம் இடிபட்ட கலத்துக்கு இடப்பக்கத்து மூட்டு விட்டுப்போதல் இவ்வாறுதான்.

சில ஆண்டுகளின் முன், துறையில் மோதிய மரப்படகு ஒன்றை முதிய ஓடாவி ஒருவர் சோதித்ததை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளோஸ்டர் துறை வரை சென்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலைக் கட்டிய வல்வெட்டித்துறைக் கைவினை மரபிலே வந்தவர் அவர். "அடிபட்ட இடத்தைப் பிறகு பாப்பம், வாத்தியார். அடி எங்கை போய் நிண்டதெண்டு முதல் பாக்கவேணும்" என்றார்.

முதலில் அடித்தளத்திலே தேங்கிய நீரை இறைத்து, துணியால் ஒற்றி உலர்த்தினார். மூட்டுக்கள் தோறும் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தார். தூள் ஈரித்துக் கருமை கொண்ட இடங்களைக் குறித்துக்கொண்டார். ஊறிய நீரை நாவிலே வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தால் கடல்நீர், இல்லையேல் மழைநீர். அதன் பின்னரே வெடிப்புக்களைத் தேடினார். பழைய வெடிப்பின் உட்புறம் அழுக்கேறிக் கறுத்திருக்கும். புதிய வெடிப்பிலே மரம் வெளுத்துத் தோன்றும். ஏராவை ஒட்டிய முதற் பலகையிலும், அணியத்தில் பலகைகள் வந்து கூடும் இடத்திலும் கலப்பற்றுப் பஞ்சு பிதுங்கியுள்ளதா என நோக்கினார். கொட்டாப்புளியால் பலகைகளை மெல்லத் தட்டிச் செவிசாய்த்தார். ஈற்றிலே சுக்கானை இரு பக்கமும் திருப்பியும், இயந்திரத் தண்டைக் கையாற் சுழற்றியும், எங்கேனும் இறுகுகின்றதா என அறிந்தார். இயந்திரத்தின் அடித்தளம் ஒரு நூலளவு விலகினாலும் தண்டு வளைந்து, அது வெளியேறும் துளையின் வழியே கடல் உட்புகும் என விளக்கினார்.

நீர் ஊறவில்லை என்பதனால் மாத்திரம் குற்றமில்லை எனத் துணிதல் ஆகாது. துறையில் வெறுமையாய் நிற்கும் படகு நீரின்மேல் உயர்ந்து நிற்கும். அப்போது வெடிப்பு நீர்மட்டத்துக்கு மேலே இருத்தல் கூடும். ஆட்களும் பொருள்களும் ஏறிப் படகு தாழ்ந்ததும், நடுக்கடலிலே அவ்வெடிப்பு வாய் திறக்கும். மேலும், மரம் நீரில் ஊறிப் பருத்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்வதுண்டு. ஒழுக்கு நின்றதென மகிழ்வோர், உள்ளே தளர்ந்த ஆணியை மறந்துவிடுவர்.

இக்காலத்திலே கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. அவற்றின் குணம் வேறு. மேற்பூச்சிலே விண்மீன் வடிவாய்ச் சில மயிரிழைக் கீறல்கள் மாத்திரம் தோன்றலாம். உள்ளேயோ இழை அடுக்குக்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். ஆயினும் சுண்டிப் பார்க்கும் முறை இங்கும் பயன்படும். நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிக்கொண்டு செல்கையில், நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். உட்புறத்திலே குறுக்குச் சட்டங்கள் உடலோடு ஒட்டிய விளிம்புகளையும் நோக்குதல் வேண்டும்.

இங்ஙனம் மறைந்த பழுது எத்துணைக் கொடியது என்பதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம். 2014 ஆம் ஆண்டு மே மாதத்திலே, கரிபியத் தீவாகிய அன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து நோக்கிச் சென்ற 'சீக்கி ரஃபிக்கி' என்னும் பாய்மரப் படகு அத்திலாந்திக் சமுத்திரத்தில் கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். கவிழ்ந்த உடல் கண்டுபிடிக்கப்பட்டபோது அதன் அடிப்பாரம் கழன்று போயிருந்தது. முன்னர் பலமுறை அப்படகு தரை தட்டியதும், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களும் சேர்ந்து அடிப்பகுதியைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் எனப் பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2015 இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. மென்மையாகத் தரை தட்டுதலும் கண்ணிற்படாத பெரும் பழுதை விளைக்கக்கூடும் என்பதே அதனால் யாம் பெறும் பாடம்.

இவ்வளவும் படகோட்டிக்குத் தெரியாதனவல்ல. பின் ஏன் அவர் எட்டிப் பார்த்ததோடு அமைகின்றார்? கரையிலே நாம் நிற்கின்றோம் அல்லவா? பூசைக்கு நேரமாயிற்று என்கின்றோம். பேருந்து போய்விடும் என்கின்றோம். கந்தோர் திறந்துவிட்டது என்கின்றோம். ஒரு பயணத்தை நிறுத்தினால் அன்றைய கூலியிலே ஒரு பங்கு அவருக்குக் குறையும். அதன்மேல் நம் முணுமுணுப்பையும் அவர் சுமக்கவேண்டும். பழுதில்லை எனக் கண்டுவிட்டாலோ, வீணே காக்கவைத்தார் என்னும் பழியும் சேரும்.

பழுதில்லை எனக் காணும் சோதனை வீணான சோதனையன்று. அதுவே நாம் விரும்பத்தக்க முடிவு. கலம் துறையிலே மோதியதைக் கண்டால், "ஆறுதலாகப் பாருங்கோ அண்ணை, நாங்கள் நிற்கின்றோம்" என்று பயணிகளுள் ஒருவரேனும் முன்வந்து கூறுதல் வேண்டும். நாம் கொடுப்பது அரைமணி நேரம். அவ்வரைமணியில் நிறுத்திப் பார்க்கும் துணிவு அவருக்கு உண்டாகும்; ஏறியிருக்கும் குழந்தைகளுக்கு அக்கரை உறுதியாகும்.