டியூரரின் காண்டாமிருகம்

டியூரரின் காண்டாமிருகம் என்பது செருமானிய ஓவியரான ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) 1515 ஆம் ஆண்டில் உருவாக்கிய மரச்செதுக்கு அச்சோவியம் ஆகும். இந்தியாவிலிருந்து போர்த்துக்கல்லின் தலைநகரான லிஸ்பனுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் ஒன்றை இது காட்டுகிறது. டியூரர் அவ்விலங்கை நேரில் பார்த்ததில்லை. லிஸ்பனிலிருந்து வந்த கடிதச் செய்தியையும் ஒரு கோட்டுருவத்தையும் கொண்டே அவர் இதனை வரைந்தார். உருவத்தில் பல பிழைகள் இருந்தபோதிலும், ஏறத்தாழ 250 ஆண்டுகளாக ஐரோப்பிய மக்கள் காண்டாமிருகம் இவ்வாறுதான் இருக்கும் என நம்பி வந்தனர். காட்டு விலங்கொன்றைப் பற்றிய பொதுமக்களின் எண்ணத்தை ஓர் ஓவியம் எந்த அளவுக்கு உருவாக்க முடியும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

விலங்கின் பயணம்

1514 இல் போர்த்துக்கேய இந்தியாவின் ஆளுநராக இருந்த அபோன்சோ டி அல்புகர்க்கே, டையூவில் கோட்டை கட்ட இசைவு கேட்டு, குசராத்து சுல்தான் இரண்டாம் முசாபர் ஷாவிடம் தூதுவர்களை அனுப்பினார். இசைவு கிடைக்கவில்லை. எனினும் அரச மரபுப்படி பரிசுகள் பரிமாறிக்கொள்ளப்பட்டன. சுல்தான் அளித்த பரிசுகளுள் ஒரு காண்டாமிருகமும் இருந்தது. அல்புகர்க்கே அதனைத் தம் மன்னர் முதலாம் மனுவேலுக்கு அனுப்பி வைத்தார்.

1515 சனவரியில் கோவாவிலிருந்து புறப்பட்ட கப்பல், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்று அவ்வாண்டு மே 20 அன்று லிஸ்பனை அடைந்தது. உரோமர் காலத்துக்குப் பின்னர் ஐரோப்பாவில் உயிருடன் காணப்பட்ட முதல் காண்டாமிருகம் இதுவே எனக் கருதப்படுகிறது. யானையும் காண்டாமிருகமும் பிறவிப் பகை கொண்டவை எனப் பண்டைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருந்தார். அதனைச் சோதிக்க விரும்பிய மன்னர், சூன் 3 அன்று தம் விலங்குக் கூடத்திலிருந்த இளம் யானை ஒன்றை அதன் எதிரே நிறுத்தினார். யானை மிரண்டு ஓடிவிட்டது. இதனால் காண்டாமிருகம் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

பின்னர் மன்னர் அவ்விலங்கைத் திருத்தந்தை பத்தாம் லியோவுக்குப் பரிசாக அளிக்க எண்ணி, 1515 திசம்பரில் உரோம் நோக்கி அனுப்பினார். வழியில் மார்செய் துறைமுகத்துக்கு அருகிலுள்ள தீவொன்றில் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிசு அதனைப் பார்வையிட்டார். 1516 இன் தொடக்கத்தில் இத்தாலியக் கரையோரத்தில் கப்பல் புயலில் சிக்கி மூழ்கியது. காண்டாமிருகங்கள் நீந்தக் கூடியவை. ஆயினும் இவ்விலங்கு கப்பல் தளத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் நீரில் மூழ்கி இறந்தது.

ஓவியம் உருவான முறை

லிஸ்பனில் நடந்தவற்றை விவரிக்கும் கடிதமும் ஒரு கோட்டுருவமும் டியூரர் வாழ்ந்த நியூரம்பெர்க் நகருக்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு டியூரர் முதலில் மையால் ஒரு படம் வரைந்தார். இப்படம் இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பின்னரே மரக்கட்டை அச்சு ஆயத்தமானது.

மரச்செதுக்கு முறையில், மரப்பலகையின் மீது வரையப்பட்ட கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு ஏனைய பகுதிகள் செதுக்கி நீக்கப்படும். கோடுகளின் மீது மை தடவித் தாளை அழுத்தினால் படம் பதியும். ஒரே கட்டையிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளைக் குறைந்த செலவில் எடுக்கலாம். கையால் வரைந்த ஓவியம் அரண்மனைக்குள் இருந்துவிடும். அச்சோவியமோ சந்தைக்குச் செல்லும். டியூரரின் வாழ்நாளிலேயே இப்படத்தின் 4,000 முதல் 5,000 வரையான படிகள் விற்றிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவர் இறந்த பின்னரும் இது பலமுறை மீள அச்சிடப்பட்டது.

உண்மையும் கற்பனையும்

இந்தியக் காண்டாமிருகத்தின் தோல், தோளிலும் இடுப்பிலும் ஆழமாக மடிந்து தகடுகள் போலத் தோன்றும். தோள்களிலும் கால்களிலும் சிறு புடைப்புகள் காணப்படும். டியூரர் இம்மடிப்புகளைப் போர்வீரனின் இரும்புக் கவசமாக மாற்றினார். தகடுகளின் விளிம்பில் ஆணிகள் போன்ற புள்ளிகள் உள்ளன. கால்கள் செதில்களால் மூடப்பட்டுள்ளன. கழுத்துக்குப் பின்னால், முதுகின் மேல், முறுக்கிய சிறு கொம்பு ஒன்றும் காணப்படுகிறது. உண்மையான விலங்குக்கு இச்செதில்களும் இல்லை, இரண்டாம் கொம்பும் இல்லை.

படத்தின் மேலுள்ள குறிப்பு, இவ்விலங்கு ஆமையின் நிறமுடையது என்றும், யானைக்கு அச்சமூட்டும் பகைவன் என்றும், யானையால் தீங்கு செய்ய இயலாத அளவுக்கு நன்கு கவசமிடப்பட்டது என்றும் கூறுகிறது. லிஸ்பனுக்கு அது வந்த ஆண்டு 1513 எனத் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது.

அதே 1515 இல் ஆவுக்ஸ்பூர்க் நகர ஓவியரான ஹான்ஸ் பூர்க்மையரும் இதே விலங்கை மரச்செதுக்கில் வெளியிட்டார். அவரது படத்தில் கவசமும் பொய்க் கொம்பும் இல்லை. தோலின் மடிப்புகள் இயல்புக்கு நெருக்கமாக உள்ளன. முன்னங்கால்களைப் பிணைத்த கயிறும் காட்டப்பட்டுள்ளது. அதாவது, அது ஒரு சிறைப்பட்ட விலங்கு என்பதை அப்படம் மறைக்கவில்லை. ஆனால் அப்படத்தின் ஒரே ஒரு படியே இன்று எஞ்சியுள்ளது. டியூரரின் புகழும், அவர் தீட்டிய நுணுக்கமான விவரங்களும் அவரது படத்துக்கே நம்பகத்தன்மையை அளித்தன எனலாம்.

பரவலும் தாக்கமும்

செபாசுதியான் மூன்ஸ்டரின் புவியியல் நூல் (1544), கொன்ராட் கெசுனரின் விலங்கியல் நூல் (1551) ஆகியவற்றில் இப்படத்தின் நகல்கள் இடம்பெற்றன. புளோரன்சின் ஆட்சியாளரான அலெசாந்த்ரோ தே மெடிசி காண்டாமிருகத்தைத் தம் சின்னமாகக் கொண்டார். சிற்பங்களிலும் திரைச்சீலைகளிலும் பீங்கான் பொருட்களிலும் இவ்வுருவம் பரவியது. ஒவ்வொரு கலைஞரும் விலங்கைப் பார்த்து வரையாமல், முன்னவரின் படத்தைப் பார்த்தே வரைந்தார். முதுகிலுள்ள பொய்க் கொம்பு இதற்குச் சான்றாகும். ஒரு பழைய படத்தில் அக்கொம்பு காணப்பட்டால், அது டியூரரின் வழிவந்தது எனக் கொள்ளலாம்.

1741 இல் கிளாரா என்னும் இந்தியக் காண்டாமிருகம் நெதர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் உரிமையாளர் 1758 இல் அது இறக்கும் வரை ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அதனைக் காட்சிக்கு வைத்தார். பிரான்சு ஓவியர் ஊத்ரி 1749 இல் அதனை நேரில் கண்டு முழு அளவில் வரைந்தார். வெனிசு ஓவியர் லோங்கி 1751 இல் வரைந்தார். இவற்றுக்குப் பின்னரே அறிவியல் நூல்களில் டியூரரின் உருவம் படிப்படியாக விலகியது. கலை வரலாற்றாளர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் 1960 இல் வெளியான தம் நூலில், ஓவியர்கள் கண்ணால் காண்பதை மட்டுமன்றி, முன்பே அறிந்த வடிவங்களையும் சேர்த்தே வரைகின்றனர் என்பதை விளக்க இப்படத்தை எடுத்துக்காட்டாகக் கையாண்டார்.

இதற்கு மாறாக, 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிந்துவெளி முத்திரைகளில் பொறிக்கப்பட்ட காண்டாமிருகத்தில் ஒற்றைக் கொம்பும் தோல் மடிப்புகளும் சரியாகக் காட்டப்பட்டுள்ளன. அதனைச் செதுக்கியோரின் நாட்டில் அவ்விலங்கு வாழ்ந்தது.

ஓவியமும் விலங்கின் நிலையும்

எதனாலும் வீழ்த்த முடியாத கவச விலங்கு என்னும் எண்ணம் உண்மைக்கு முரணானது. வேட்டையாலும் வாழிட இழப்பாலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் காண்டாமிருகங்களின் எண்ணிக்கை 200க்கும் கீழே குறைந்ததாக மதிப்பிடப்படுகிறது. பாதுகாப்பு நடவடிக்கைகளின் பயனாக இன்று இந்தியாவிலும் நேபாளத்திலும் 4,000க்கும் மேற்பட்டவை வாழ்கின்றன. இவற்றுள் பெரும்பகுதி அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் உள்ளது. கொம்புக்கு மருத்துவ ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கையால் இவை இன்றும் கள்ள வேட்டைக்கு இலக்காகின்றன. நம் நகங்களில் உள்ள கெரட்டின் என்னும் புரதமே அக்கொம்பிலும் உள்ளது.