கல்பாக்கமும் திட்டமிட்ட தொழில்மயமாக்கமும்

எந்தத் தொழிலை, எங்கே, எவ்வளவு முதலீட்டில் தொடங்குவது என்பதைச் சந்தைக்கு விடாமல் அரசே முடிவு செய்வது திட்டமிட்ட தொழில்மயமாக்கம் ஆகும். செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் இம்முறையில் உருவான தொழில் மையங்களுள் ஒன்று.

சோவியத் முன்மாதிரி

சோவியத் ஒன்றியத்தின் கம்யூனிச அரசு 1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. எஃகு, நிலக்கரி, மின்சாரம் ஆகியவற்றின் உற்பத்தி வேகமாகப் பெருகியது. அதன் சுமை உழவர்கள் மீது விழுந்தது. நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாக்கப்பட்டன. தானியம் கட்டாயமாகப் பெறப்பட்டது. 1932-33 பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டனர்.

இந்தியாவின் வழி

இந்தியா 1950இல் திட்டக்குழுவை அமைத்தது. மகலனோபிஸ் வகுத்த அடிப்படையில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (1956-61) கனரகத் தொழில்களுக்கு முன்னுரிமை அளித்தது. ஆனால் தனியார் துறையும் தேர்தலும் தொடர்ந்தன. இது கலப்புப் பொருளாதாரம் எனப்பட்டது. 1956ஆம் ஆண்டுத் தொழில் கொள்கை அணுசக்தியை அரசுக்கே உரியதாக்கியது.

கல்பாக்கம்

சென்னை அணுமின் நிலையத்தின் கட்டுமானம் 1970களின் தொடக்கத்தில் தொடங்கியது. 1974 பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் கனடா தன் அணுசக்தி உதவியை நிறுத்தியது. எனவே உதிரிபாகங்களையும் கனநீரையும் உள்நாட்டிலேயே உருவாக்க வேண்டியிருந்தது, பணி தாமதமானது. முதல் உலை 1983இலும் இரண்டாவது 1985இலும் இயங்கத் தொடங்கின. அருகிலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை வேக ஈனுலையும் 1985இல் இயங்கியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியுள்ள மீனவ ஊர்களிலும் உயிர்கள் பறிபோயின. புதிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்காகத் தோண்டிய குழியில் கடல்நீர் புகுந்தது. 2010இல் முடிய வேண்டிய அவ்வுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது.

மதிப்பீடு

உடனடி இலாபம் பாராமல் பல பத்தாண்டுகள் ஒரே இலக்கில் முதலீடு செய்ய அரசுத் திட்டத்தால் முடியும் என்பதற்குக் கல்பாக்கம் சான்று. குறித்த காலத்தில் முடிக்க இயலாமை அதன் குறை. சோவியத் உழவர்களைப் போலன்றி, இங்குள்ள மக்கள் வாக்களிக்கவும் வழக்குத் தொடுக்கவும் உரிமை பெற்றவர்கள். ஆயினும் மின்சாரம் தொலைதூரம் செல்கிறது. உலையின் அருகில் வாழ்வோரோ கடற்கரை மக்கள். திட்டத்தின் பயன் யாருக்கு, சுமை யாருக்கு என்ற கேள்வி இரு முறைகளுக்கும் பொதுவானது.