கூரைக்குள்ள லைட் வேணுமா? முதல்ல இந்த ₹60,000 கணக்கைப் பாருங்க

சானமாவு பக்கம் மனை வாங்கி, ஹோம் லோன் போட்டு வீடு கட்டுற ஓசூர் கம்பெனி ஊழியரா நீங்க? வேலை முடியுற நேரத்துல இன்டீரியர்காரர் ஒரு போட்டோ காட்டுவார். கூரைக்குள்ள பதிஞ்ச டவுன்லைட்டுகள், பார்க்கவே சினிமா செட் மாதிரி. ஹோம் லோன் அதுக்குள்ள தீர்ந்திருக்கும். "பர்சனல் லோன் போட்டுக்கலாம் சார்"னு அவரே வழியும் சொல்வார்.

கணக்கு போடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க கொட்டேஷனை வெச்சு மாத்திக்கோங்க. ஹாலும் ரெண்டு பெட்ரூமும் சேர்ந்து 450 சதுர அடி ஃபால்ஸ் சீலிங், அடிக்கு ₹100ன்னா ₹45,000. லைட் 24, ஒண்ணு ₹400ன்னா ₹9,600. ஒயரிங், கூலி ₹5,400. மொத்தம் ₹60,000. கவனிச்சீங்களா? லைட்டுக்குப் போறது ஆறுல ஒரு பங்குகூட இல்ல. மீதியில பெரும்பகுதி அந்த லைட்டைப் பதிக்கத் தேவையான பலகைக்கு. 14% வட்டியில 2 வருஷ லோன்னா மாசம் சுமார் ₹2,880, வட்டி மட்டும் ₹9,100க்கு மேல.

கரண்ட் பில்லும் இருக்கு. 12 வாட் லைட் 24, தினமும் 5 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட். 20 வாட் எல்இடி டியூப் ஆறு போட்டா 36 யூனிட்தான். நம்ம ஊர் பில்லுல 500 யூனிட்டைத் தாண்டினா 101-200 யூனிட்டுக்கான சலுகை விலையும் போயிடும். ஏற்கெனவே ஏசி ஓடுற வீட்டுக்கு அந்த 50 யூனிட் வித்தியாசம் சின்ன விஷயம் இல்ல.

24 லைட் தேவையே இல்லங்கிறதுதான் உண்மை. 12க்கு 14 அடி ஹாலுக்கு 12 வாட்ல நாலு போதும், ஆறு போட்டா தாராளம்.

இன்னும் கூரை கான்கிரீட் போடலையா? அப்ப நீங்க அதிர்ஷ்டசாலி. சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டும்போதே, எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி லைட் பாக்ஸை பலகை மேல வெச்சிடுங்க. சென்ட்ரிங் பிரிச்சதும் பாக்ஸோட வாய் கூரை மட்டத்துல இருக்கும், லைட் அதுக்குள்ள உட்கார்ந்துடும். ஃபால்ஸ் சீலிங் செலவே கிடையாது. ஒரே நிபந்தனை: சோஃபா எங்க, கட்டில் எங்க, ஃபேன் எங்கன்னு அன்னைக்கே முடிவு பண்ணியாகணும். ஃபேன் இறக்கைக்கு மேல லைட் வந்தா நிழல் சுத்திக்கிட்டே இருக்கும், தலைவலி! பாக்ஸுக்காகக் கம்பியை வெட்ட விடாதீங்க. காஞ்ச கான்கிரீட்டைக் கொத்தி லைட் வைக்கிறேன்னு யாராவது சொன்னா, இன்ஜினியரைக் கேட்காம தலையாட்டாதீங்க.

கூரை முடிஞ்சிடுச்சா? இருக்கிற பாயின்ட்லயே சர்ஃபேஸ் பேனல் லைட்டை மாட்டுங்க. கொஞ்சம் வெளிய துருத்தும், அவ்வளவுதான்.

மிச்சமாகிற காசுல முதல்ல வாசலுக்கு நல்ல லைட் ஒண்ணு. யானை நடமாடுற காட்டுப் பக்கம், நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு ஹால் அழகைவிட அதுதான் முக்கியம்.

வாங்கும்போது பிஐஎஸ் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் முதல்ல போறது லைட் இல்ல, அதோட டிரைவர்தான். டிரைவர் தனியா கழற்றி மாத்துற மாடலா கேளுங்க. அதே அளவுல ரெண்டு லைட் கூடுதலா வாங்கி வெச்சுக்கோங்க. மூணு வருஷம் கழிச்சு அந்த ஓட்டை அளவுக்கு லைட் தேடி கடை கடையா அலையறது பெரிய கொடுமைங்க.